அமுதமசகு

– மூக்கைப் பொத்திக்கிட்டு என்னடா நிக்கிறே? நீ பூசினதுதானே. கிட்ட வந்து மோந்து பாரு.

– பொத்தலையே அக்கா. வேர்வையைத் துடைச்சேன்.

– கைக்குட்டையை மூக்குல அமுக்கி வேர்வை துடைக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். இந்தத் தட்டைப் பிடி, தம்பி. ரெண்டு பெடலையும் தாங்கற அச்சு இந்தக் குழாய்க்குள்ளதான் இருக்கு. இடது பக்கத்துக் கப்பைக் கழட்டினா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிரும். கால் வச்சா அச்சு சுத்தணும். உன்னோடது சுத்தல, முனகுது.

– அதாவது அக்கா, அது முனகல் இல்ல. இயற்கையான மசகுக்குன்னு ஒரு நிதானம் உண்டு. நவீன மனிதன் அதைக் கோளாறுன்னு நினைக்கிறான்.

– நவீன மனிதன் தட்டை நேராப் பிடிக்கட்டும். வழியுது பாரு.

– ஐயோ. சட்டைல பட்டுருச்சு.

– பட்டா என்ன? அமுதம்தானே. டப்பா மேல அப்படித்தானே போட்டிருக்கே, அமுதமசகுன்னு.

– அது என்ன அக்கா, கறுப்பா, பொடிப்பொடியா?

– எறும்பு.

– செத்ததா?

– மேல இருக்கறது செத்தது. அடியில இருக்கறது முட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுது. அச்சுக்குள்ள குடித்தனமே நடந்திருக்குடா. பிள்ளைகுட்டி பெத்து, பேரன் பேத்தி எடுத்து, ஒரு பரம்பரையே வாழ்ந்துட்டுப் போயிருக்கு.

– தேனுக்கு வந்திருக்கும்.

– தேனா?

– வெண்ணெய், தேன்மெழுகு, கொஞ்சம் தேன். சேர்மானம் அவ்வளவுதான். கிரீஸுங்கறது என்ன அக்கா? பூமியோட காயத்துலேர்ந்து வடியற சீழ். அந்தச் சீழை எடுத்து வண்டியோட நாபியில வச்சு அடைக்கிறோம். அச்சுதான் வண்டிக்கு நாபி. போன கூட்டத்துல நான் இதைச் சொன்னப்போ, ஓய்வு பெற்ற எஞ்சினியர் ஒருத்தர் எந்திரிச்சு நின்னு கண் கலங்கினார்.

– சீழ் கீழ்னு பேசாதே, எனக்குக் குமட்டுது. இந்தத் தட்டுல இருக்கறதையும் என் கடை டப்பால இருக்கற கிரீஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு உங்க எஞ்சினியர்கிட்ட காட்டு. எது சீழ்னு அவரே சொல்லட்டும். அப்பவும் கண் கலங்குவார். நெடிக்கு.

– வாசம் கொஞ்சம் மாறியிருக்கு, ஒத்துக்கறேன்.

– மாறியிருக்கா? வெண்ணெய் ஊசிப்போயி, அதுல மழைத்தண்ணி எறங்கி, துருவோட கலந்து, வெயில்ல வெந்து கெடக்கு. செத்த எலியை ஈரச் சாக்குல சுத்தி வச்ச மாதிரி இருக்கு. சாக்கடைக்குள்ள விழுந்த வண்டியெல்லாம் இந்தக் கையால கழுவியிருக்கேன். ஒருநாளும் வாய்க்கு வந்ததில்ல. இன்னிக்கு வருது.

– உள்ள விரலை விட்டு என்ன அக்கா துழாவறே?

– குண்டைத் தேடறேன். இந்த அச்சு சும்மா சுத்தாதுடா. ரெண்டு பக்கமும் கப்பு, கப்புக்குள்ள வட்டமா இரும்புக் குண்டு, அந்தக் குண்டு மேல உருண்டுதான் அச்சு சுத்துது. நான்தானே கட்டிக் கொடுத்தேன். அன்னிக்கு ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இந்தா, ஒண்ணு கெடைச்சுது. கையை நீட்டு.

– வேணாம் அக்கா, இங்கேர்ந்தே தெரியுது. மிளகு மாதிரி இருக்கு.

– மிளகாவது மோந்தா தும்மல்தான் வரும். மேலெல்லாம் குழி பாரு. குண்டு சொரசொரத்துப் போச்சுன்னா அதோட நிக்காது. கப்பையும் அரிக்கும், அச்சையும் அரிக்கும். உன் அச்சுல மழமழன்னு இருக்க வேண்டிய எடத்துல வாய்க்கால் வெட்டியிருக்கு. மூணும் போச்சு.

– நீ அப்பவே மூடின பேரிங் போட்டிருக்கலாமே. அதைத் திறக்கவே வேண்டாம்னு சொல்றாங்களே.

– அடப்பாவி. இதே பலகைல ரெண்டையும் எடுத்து வச்சு, புதுப் பொண்ணுக்குப் புடவை காட்டற மாதிரி காட்டினேன். மழை, புழுதின்னு பாக்காம ஓட்டிட்டு வருஷக்கணக்கா அச்சைத் தொடாத ஆளுக்கு மூடின பேரிங். உள்ளயே கிரீஸ் வச்சு அடைச்சு வரும். ஆயுசு முடிஞ்சா முழுசாத் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டணும். மழைக்காலம் போனதும் திறந்து, மண்ணெண்ணெய்ல கழுவி, புது கிரீஸ் வைக்கிற பொறுமை இருக்கற ஆளுக்கு உதிரிக் குண்டு. ஒழுங்காப் பாத்துக்கிட்டா உனக்கப்புறமும் ஓடும்னு சொன்னேன். நீ என்ன சொன்னே?

– ஞாபகம் இல்ல.

– 'அடைக்கப்பட்ட எதையும் நான் ஏற்பதில்லை'ன்னே. பேரிங் வாங்க வந்தவன் பேசற பேச்சாடா அது?

– அது ஒரு தத்துவம் அக்கா.

– தத்துவத்தை மழைல நனைக்கலாம். இரும்பை நனைக்கக் கூடாது. உதிரிக் குண்டை வாங்கிட்டுப் போனே. வாசலைத் தாண்டினதும் நான் வச்ச கிரீஸை வழிச்சு எறிஞ்சுட்டு இந்தக் கருமத்தை அப்பினே. அப்புறம் எட்டிப் பாத்தியா?

– எப்படிப் பாக்கறது? அரக்கு முத்திரை வச்சுட்டேனே.

– எதுக்கு?

– யாரும் தொடலைங்கறதுக்குச் சாட்சியா. நாளைக்கு மண்டபத்துல ஆண்டு விழா அக்கா. அமுதமசகு வெளிவந்து ஒரு வருஷம். மேடைல இதே வண்டியை நிறுத்தி, எல்லார் முன்னாலயும் முத்திரையை உடைச்சு, அச்சைத் திறந்து காட்டறதா அறிவிச்சிருக்கேன்.

– நீ கொண்டாந்த வண்டில முத்திரையே இல்லையேடா.

– கார்லேர்ந்து இறக்கினதுமே உடைச்சுட்டேன். திரும்ப வச்சுக்கலாம். முத்திரைக் கட்டை பையிலதான் இருக்கு.

– கார்லயா வந்தே? சைக்கிள் மகானுக்குக் காரா?

– வண்டி மிதிக்கற நிலைமைல இல்லையே அக்கா. மழை நின்னதுலேர்ந்தே கால் வச்சா இறுகுது. கூட்டங்களுக்குக் கார் கூரைல கட்டித்தான் எடுத்துட்டுப் போறோம். மண்டப வாசல்ல இறக்கி, அங்கேர்ந்து மேடை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவேன். ஆழமாப் பாத்தா, தள்ளறதும் ஒரு பயணம்தான்.

– கை தட்டுவாங்களா?

– தட்டுவாங்க.

– எனக்கு அந்த எறும்பு மேல மரியாதை வருதுடா. அதுவாவது உழைச்சுது.

– கிண்டலை அப்புறம் வச்சுக்க அக்கா. எனக்கு ஒரு உதவி வேணும். இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அச்சு, கப்பு, குண்டு எல்லாம் புதுசா மாட்டு. மேல பேருக்குக் கொஞ்சம் அமுதமசகைத் தடவு. நாளைக்கு மேடைக்கு வந்து நீயே உன் கையால திற. நீ திறந்தாத்தான் நம்புவாங்க. அக்கா வாயால சரின்னா சரிதான்னு ஊரே சொல்லுது.

– ஏன் சொல்லுதுன்னு யோசிச்சியா?

– உனக்கு ராசியான வாய்.

– ராசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இந்தக் கடைல என்னடா இருக்கு? ரெண்டு ஸ்டாண்டு, ஒரு வைஸு, நெனைச்சா சுத்தற ஒரு ஃபேன். இதுக்குத்தானா ஊர் மொத்தமும் இங்க வருது? இது தேறாதும்மான்னு நான் சொன்னா மறுபேச்சில்லாம தூக்கிப் போடறாங்க. இன்னும் ஓடும்னு சொன்னா அப்படியே ஏறி மிதிச்சுக்கிட்டுப் போறாங்க. அந்த வாயை நாளைக்கு உன் ஊசிப்போன வெண்ணெய்ல முக்கி எடுக்கணும்கறே.

– தம்பிக்காக ஒரே ஒரு தடவை.

– தம்பி தடவிக் கொடுத்ததைத் தடவிக்கிட்டவங்க கதையைக் கேளு. முக்குல இருக்காரே தையல்காரர், அவர் வண்டியை நாய் தொரத்துது. ஆளை இல்ல, அச்சை. எங்க நிறுத்தினாலும் நாலு நாய் வந்து படுத்து நக்குது. மனுஷன் வெக்கத்துல கடைத்தெருப் பக்கம் போறதையே விட்டுட்டாரு.

– அதாவது, விலங்குகள் இயற்கையை உடனே அடையாளம் கண்டுக்கும்.

– சரி, அதையும் உன் பெருமைக் கணக்குலயே எழுதிக்க. தபால்காரம்மாவைத் தெரியுமா? பாலத்து மேல ஏறும்போது பெடல் அப்படியே கவ்விப் பிடிச்சுருச்சு. பின்னால லாரி. ஓரமா விழுந்ததால உசிரு தப்பிச்சுது, மணிக்கட்டு போச்சு. கட்டுப் போட்ட கையோட இந்த ஸ்டூல்லதான் வந்து ஒக்காந்தாங்க. என்ன கேட்டாங்கன்னு சொல்லவா?

– என்ன கேட்டாங்க?

– 'மசகைக் கம்மியாத் தடவிட்டேனோ'ன்னு கேட்டாங்க.

– புதுசாப் பழகறவங்களுக்கு ஆரம்பத்துல அப்படித்தான்...

– வாயை மூடு. ஸ்பேனரோட நிக்கிறேன்.

– அண்ணி, உள்ள வரலாமா? எவ்வளவு நேரம்தான் கார்லயே ஒக்காந்திருக்கறது.

– வாம்மா. உன் புருஷனோட அமுதத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. தட்டுப் பக்கம் மட்டும் திரும்பாதே.

– எனக்கென்ன அண்ணி, பழகின நாத்தம். அடுப்புல வச்சுக் காய்ச்சறது நான்தானே. சேலைல, தலைமுடில, தலகாணில எல்லாம் இதுதான். பஸ்ல பக்கத்துல ஒக்காந்தவங்க எந்திரிச்சுப் போயிடறாங்க.

– நீ ஏம்மா இதுக்கெல்லாம் துணை போறே? உன் பேச்சைக் கேக்க மாட்டானா?

– நான் என்னத்தைக் கண்டேன் அண்ணி. அவங்க சொல்லுவாங்க, நான் கிண்டுவேன். வேலையை விட்ட புதுசுல, சூரிய வெளிச்சத்துலதான் சோறாக்கணும்னாங்க. மொட்டைமாடில பானையை வச்சுட்டுச் சாயங்காலம் வரைக்கும் பட்டினி கெடந்தோம். அப்புறம் செருப்பே போடக் கூடாதுன்னாங்க, பாதம் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சுது. அதுக்கப்புறம் மௌனம். மௌனத்தைப் பத்தி ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க.

– நீ என் பயணத்தைக் கொச்சைப்படுத்தறே.

– சேச்சே, இல்லீங்க. நல்லாத்தான் பேசினீங்க. மைக்கு சூடாகி நின்னுபோற வரைக்கும் பேசினீங்க.

– சபாஷ். இவளுக்கு இருக்கற அறிவுல பாதி உனக்கு இருந்திருக்கலாம். டேய், இங்க வா. செவுத்துல சாஞ்சு நிக்குதே, அது என் வண்டி. சங்கிலியை இறக்கிட்டேன். பெடல் கையைச் சும்மா ஒரு விரலால தட்டி விடு.

– தட்டிட்டேன்.

– என்ன கேக்குது?

– ஒண்ணும் கேக்கல.

– காதை வச்சுக் கேளு.

– ஒண்ணுமே இல்ல அக்கா. சுத்திக்கிட்டே இருக்கு.

– இதுக்குப் பேருதான் மௌனம். இதைப் பத்தி யாரும் பேசவே வேண்டாம். இப்போ பெடல் கையைப் பிடிச்சு உன் பக்கமும் என் பக்கமும் ஆட்டு. ஆட்டம் இருக்கா?

– இல்ல.

– அவ்வளவுதான்டா பராமரிப்பு. அப்பப்போ சங்கிலியை இறக்கிட்டுச் சுத்திப் பாரு, ஆட்டிப் பாரு. கரகரன்னா திறந்து கழுவு. ஆடுச்சுன்னா கப்பை ஒரு நூலளவு இறுக்கு. ரொம்ப இறுக்கினாலும் குண்டு நசுங்கும். இதுக்குப் பூமியோட காயம், வண்டியோட நாபி ஒண்ணும் வேண்டாம். நகரு, என்னோடதையும் திறந்து காட்டறேன்.

– எதுக்கு அக்கா, நல்லா ஓடறதைப் போயி?

– உனக்குப் பாத்தாத்தானே ஏறும். இந்தா. நீ ஆபீஸ் வேலையை விட்ட வருஷம் போட்ட குண்டு. மழைக்கு மழை கழுவி அதையேதான் திரும்ப வைக்கிறேன். கிரீஸைத் துடைச்சுட்டு விளக்குப் பக்கம் தூக்கிப் பாரு.

– முகம் தெரியுது அக்கா. இத்தனூண்டு குண்டுல.

– உன் முகம்தான். நல்லாப் பாத்துக்க.

– என்னங்க, ஏன் ஒரு மாதிரி நிக்கிறீங்க?

– நீ சும்மா இரு. அக்கா...

– சொல்லு.

– எனக்குத் தெரியும் அக்கா. மழை நின்னப்பவே தெரியும். மிதிக்கும்போதே கால்ல தெரிஞ்சுது, உள்ள ஏதோ அரைபடுதுன்னு. நிறுத்த வழி தெரியல. அவங்க எல்லாரும் என்னை வழிகாட்டின்னு கூப்பிடறாங்க. ஆபீஸ்ல என்னைப் பேர் சொல்லிக்கூட எவனும் கூப்பிட்டதில்ல. 'அந்த ஜன்னலோர மேசையைக் கேளுங்க'ன்னுவாங்க. நான் மேசை அக்கா. அத்தனை வருஷமும் நான் மேசை.

– அதுக்காக ஊரார் கை காலை உடைக்கறதா?

– தபால்காரம்மா சமாச்சாரம் எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

– இப்போ தெரிஞ்சிருச்சு. நாளைக்கு என்ன பண்ணப்போறே?

– நீயே சொல்லு.

– ரெண்டு டப்பா தரேன். ஒண்ணுல உன் அச்சு, குண்டு, எறும்பு எல்லாத்தையும் கழுவாம அப்படியே போட்டுத் தரேன். இன்னொண்ணுல என்னோடது. ரெண்டையும் மேடைல பக்கத்துல பக்கத்துல வை. இது என் மசகு, இது எங்க அக்கா கடை கிரீஸ், நான் தப்புப் பண்ணிட்டேன், எல்லாரும் நாளைக்கே கழுவிருங்கன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே. 'ஆழமாப் பாத்தா'ன்னு ஆரம்பிச்சியோ, தொலைச்சிருவேன்.

– சிரிப்பாங்க அக்கா.

– சிரிக்கட்டும். தபால்காரம்மா முதல்ல சிரிக்கட்டும். அந்த நாயெல்லாம்கூடச் சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சுட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டு இங்க வருவாங்க. அத்தனை பேர் அச்சையும் நான் சும்மாவே கழுவித் தரேன்.

– நீயும் மேடைக்கு வாயேன்.

– நான் வந்தா உன் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்த மாதிரி ஆயிரும். நீயாச் சொன்னாத்தான் அது பேச்சு. மண்டபத்துப் பக்கமே நான் காலடி வைக்க மாட்டேன். வேணும்னா என் பேரைச் சொல்லிக்க. அக்கா தன் கையால கழட்டிக் கொடுத்ததுன்னு சொல்லு, நம்புவாங்க.

– சொல்றேன்.

– என் கையைப் பிடிச்சுச் சொல்லு. கிரீஸா இருக்குன்னு பாக்காதே.

– சொல்லிடறேன் அக்கா. தப்புப் பண்ணிட்டேன்னே சொல்லிடறேன்.

– போதும், கையை விடு. அழுது தொலைக்காதே, மூக்கு வேற ஒழுகுது உனக்கு. உன் வண்டிக்கு மூடின பேரிங்கையே மாட்டிடறேன். நீயெல்லாம் திறந்து பாக்கற சாதி இல்ல. வலது பக்கக் கப்புக்கு மறை தலைகீழா இருக்கும், எல்லாரும் இறுக்கற பக்கம் திருகினா இது கழண்டுக்கும். உன்னை மாதிரியே.

– அண்ணி, நான் ஒண்ணு சொல்லவா? இவங்க இப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்ல. இந்த மனுஷன் வாயிலேர்ந்து 'தப்பு'ங்கற வார்த்தை வந்ததே இன்னிக்குத்தான்.

– வீட்டுக்குப் போற வரைக்கும் மாத்திப் பேசாம பாத்துக்க. இந்தா தம்பி, முடிஞ்சுது. சுத்திப் பாரு. சத்தமில்ல பாரு. தள்ளிக்கிட்டுப் போய்க் கார் மேல ஏத்திக் கட்டு. கயிறு அந்த ஆணில தொங்குது.

– வரேன் அக்கா. உன்கிட்ட முன்னாடியே வந்திருக்கணும்.

– போ போ. சட்டையை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு போகாதே, வாசல்லயே கழட்டிப் போடு.

– அண்ணி, அவங்க கயிறு கட்டட்டும். டப்பாவை நான் எடுத்துக்கறேன். உங்க குண்டுல ஏன் இன்னும் பிசுபிசுன்னு அப்பிக்கிட்டிருக்கு?

– கிரீஸும்மா. அதோட இருந்தாத்தானே அழகு.

– மேடைல வெள்ளைத் துணி விரிச்சிருப்பாங்க. அழுக்காயிடும். மண்ணெண்ணெய்ல ஒரு தடவை அலசிக் கொடுத்துருங்களேன். பளிச்சுன்னு இருந்தாத்தான் கடைசி வரிசை வரைக்கும் எடுபடும்.

– அதுவும் சரிதான். நல்ல யோசனைதான் பண்றே. இந்தா, அலசியாச்சு. துணியால துடைச்சுப் போட்டிருக்கேன். இது உன் புருஷனோடது, மூடியை நல்லா அழுத்தி மூடியிருக்கேன், கார்ல எறும்பு ஏறிரப்போகுது. ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருக்கே, மேல எழுதி ஒட்டட்டுமா?

– வேண்டாம் அண்ணி. நான் பாத்துக்கறேன்.

– வா, கார் வரைக்கும் நானும் வரேன். டேய், கயிறு இறுக்கமா இருக்கா?

– இருக்கு அக்கா. நான் பின்னால படுத்துக்கறேன், தலை கனமா இருக்கு. அவ ஓட்டுவா. நாளைக்கு எந்த வார்த்தைல ஆரம்பிக்கறதுன்னு யோசிக்கணும்.

– யோசிக்காதே, தூங்கு. யோசிச்சுத்தான் இங்க வந்து நிக்கிறே. கதவைச் சாத்திக்க. ஏம்மா, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு.

– சொல்லுங்க அண்ணி.

– மேடைல கூட்டத்தைப் பாத்ததும் இவனுக்குப் பழைய ராகம் வந்துரும். நீ பக்கத்துலயே நில்லு. வழி மாறினா இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளு.

– அவங்க பேச மாட்டாங்க அண்ணி. நாளைக்கு அவங்களுக்கு மௌனம்னு காலைலயே எல்லாருக்கும் சொல்லிருவேன். கண்ணை மூடிக்கிட்டு நாற்காலில ஒக்காந்திருப்பாங்க. நான்தான் பேசப்போறேன்.

– நீயா? மைக்கு முன்னால நின்னு உனக்குப் பழக்கமில்லையேம்மா.

– பழகிக்க வேண்டியதுதான். வெறும் பானையைப் பாத்துக்கிட்டு மொட்டைமாடில ஒக்காந்திருந்தவ அண்ணி நான். அவங்க ஆரம்பிச்சதுல இது ஒண்ணுதான் நிலைச்சு நின்னுச்சு. ஊசிப்போற நெடி வெளில தெரியக் கூடாதுன்னு தேனைச் சேர்த்ததே நான்தான். இதைப் போய் ஒரு அழுகைல கவுத்துருவாங்களா?

– அப்போ அந்த ரெண்டு டப்பாவையும் எதுக்கும்மா வாங்கிக்கிட்டே?

– மேடைல காட்டத்தான் அண்ணி, நீங்க உங்க கையாலயே கழட்டிக் கொடுத்ததுன்னு உங்க பேரைச் சொல்லியே காட்டறேன்: கண்ணாடியா மின்னறது எங்க அமுதமசகு, எறும்பு மொய்ச்சுக் கெடக்கறது உங்க கடை கிரீஸ்.